திமிங்கில வலசையும் கடலடி ஒலிப்பதிவும்

திமிங்கிலங்களின் குரலை நீருக்கடியில் பதிவு செய்து, எந்த இனம் எந்தக் கடலில் எந்தப் பருவத்தில் இருக்கிறது, எவ்வழியே வருகிறது, எப்போது திரும்புகிறது என்று அறியும் முறை இன்று கடலியலின் தனிப் பிரிவாக வளர்ந்துள்ளது. பல்லுக்குப் பதிலாகச் சல்லடைத் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கிலங்களில் பல, கோடையில் துருவத்தை ஒட்டிய குளிர்கடல்களில் இரை தேடும். குளிர்காலத்தில் வெப்பக் கடல்களுக்கு வந்து இணைசேர்ந்து கன்று ஈனும். இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் கிலோமீட்டர் வலசை. மூச்சுவிட மேலே வரும் சில கணங்கள் தவிர அந்தப் பயணம் நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் இருட்டிலும் புயலிலும் பனிக்கட்டிக்கு அடியிலும் அதைக் காதால் தொடர முடியும்.

கேட்பதற்கு முன்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலசையை அறிய இருந்த வழி கொடியது. பிரிட்டனின் டிஸ்கவரி ஆய்வுத் திட்டத்தினர் 1930களில் எண் பொறித்த உலோகக் குழாய்களைத் துப்பாக்கியால் திமிங்கிலங்களின் உடலில் செலுத்தினர். பின்னொரு நாள் அதே திமிங்கிலம் வேட்டைக் கப்பலில் அறுக்கப்படும்போது குழாய் கிடைத்தால், அது எங்கிருந்து எங்கே வந்தது என்பது தெரியும். புறப்பட்ட இடமும் செத்த இடமும் மட்டுமே இதில் கிடைத்தன, இடைவழி கிடைக்கவில்லை. ஒரு விலங்கின் பாதையை அறிய அதன் சாவு தேவைப்பட்ட காலம் அது. ஒலிப்பதிவு இத்துறைக்குக் கொடுத்த முதல் கொடை, தொடாமலே அறியும் வாய்ப்பு.

நீரில் ஒலி

ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். காற்றில் செல்வதைப் போல் நாலரை மடங்கு. கடலின் மேற்பரப்பிலிருந்து கீழே போகப் போக நீர் குளிர்வதால் ஒலியின் வேகம் முதலில் குறைகிறது. இன்னும் ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் மறுபடி ஏறுகிறது. வேகம் மிகக் குறைந்திருக்கும் இடைப்பட்ட அடுக்கில் ஒலி மேலும் கீழும் வளைந்து அந்த அடுக்குக்குள்ளேயே ஓடும். வெப்பக் கடல்களில் இந்த ஒலிவாய்க்கால் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் உள்ளது; துருவங்களில் மேற்பரப்பை ஒட்டி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் மாரிஸ் யூயிங், லாமர் வோர்செல் இருவரும் 1944இல் இதைச் சோதனையில் காட்டினர். சோவியத் அறிஞர் லியோனித் பிரெகோவ்ஸ்கிக் 1946இல் தனியே கண்டறிந்தார். தாழ்ந்த சுருதியில் எழும் ஒலி இதில் அதிகம் தேயாமல் நெடுந்தூரம் போகும். நீலத் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் குரலெழுப்புவது 20 ஹெர்ட்ஸை ஒட்டிய அந்தச் சுருதியில்தான். மனிதக் காதின் எல்லை அங்கேதான் தொடங்குவதால், பதிவை வேகமாக ஓட்டியோ ஒலிப்படமாக வரைந்தோதான் ஆய்வாளர்கள் அதை அறிகிறார்கள்.

படைத்துறையின் காதுகள்

வில்லியம் ஷெவில், பார்பரா லாரன்ஸ் இருவரும் கனடாவின் சாகனே ஆற்றில் வெள்ளைத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்து 1949இல் வெளியிட்டனர். காட்டுநிலையில் உள்ள திமிங்கில இனத்தின் குரலை அறிவியல் பதிந்த முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது. அதே காலத்தில் சோவியத் நீர்மூழ்கிகளைக் கண்காணிக்க அமெரிக்கக் கடற்படை ‘சோசஸ்’ என்ற கேட்பு வலையை விரித்தது. கடல்தரையில் வரிசையாகப் பதித்த நீரொலிவாங்கிகள் கம்பிவழியே கரையோடு இணைக்கப்பட்டன.

அந்தக் கேட்பு நிலையங்களில் 20 ஹெர்ட்ஸில் சீராகத் துடிக்கும் ஓசை ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. இயந்திரம் போல அத்தனை ஒழுங்கு. எதிரியின் கருவியோ என்றுகூட ஐயம் எழுந்தது. அது துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் என்று ஷெவில், வில்லியம் வாட்கின்ஸ், ரிச்சர்ட் பேக்கஸ் மூவரும் 1964இல் நிறுவினர். 1971இல் ரோஜர் பெயினும் டக்ளஸ் வெப்பும் இன்னும் துணிந்த கருத்தை முன்வைத்தனர்: கப்பல் இரைச்சல் இல்லாத பழைய கடலில் ஒரு துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் சமுத்திரத்தின் மறுகரை வரை எட்டியிருக்கக்கூடும்.

பெர்முடாவின் பாட்டு

பெர்முடாவில் கடற்படைப் பொறியாளராக இருந்த ஃபிராங்க் வாட்லிங்டனின் ஒலிவாங்கிகளில் வசந்தந்தோறும் விசித்திரமான ஓசைகள் விழுந்தன. வடக்கே வலசை போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல் அது. வேட்டைக்காரர்கள் அதைப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் நாடாக்களை வெளிக்காட்டாமல் வைத்திருந்த அவர், 1960களின் பிற்பகுதியில் ரோஜர் பெயினிடமும் கேட்டி பெயினிடமும் அவற்றை ஒப்படைத்தார். ஓசைகள் குறிப்பிட்ட வரிசையில் அடுக்கப்பட்டு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதை ரோஜர் பெயினும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் விளக்கினர். அதற்குப் ‘பாட்டு’ என்றே பெயரிட்டனர். 1970இல் இசைத்தட்டாக வந்த அந்தக் குரல்கள் வேட்டைக்கு எதிரான மக்கள் உணர்வை வலுப்படுத்தின. பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த 1982இல் முடிவெடுத்தது. 1986இல் அது நடைமுறைக்கு வந்தது.

பனிக்கு அடியில் போனவை

ஒலிப்பதிவு ஒரு மக்களின் வாழ்வையே மாற்றியது அலாஸ்காவின் வடமுனையிலுள்ள பாரோவில். இன்று அவ்வூர் உட்கியாக்விக் எனப்படுகிறது. அங்குள்ள இன்யூபியட் மக்களுக்கு வில்தலைத் திமிங்கில வேட்டை தலைமுறை தலைமுறையாக உணவும் வழிபாடும் ஆனது. அந்தத் திமிங்கிலங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்று கருதிய பன்னாட்டு ஆணையம் 1977இல் அவர்களின் வேட்டைக்கும் தடை விதித்தது. பனி பிளந்த நீர்வழியின் ஓரத்தில் நின்று கண்ணால் எண்ணியதே அக்கணக்குக்கு அடிப்படை.

ஹாரி பிரௌவர் உள்ளிட்ட இன்யூபியட் வேட்டைத் தலைவர்கள் இதை ஏற்கவில்லை. திமிங்கிலங்கள் திறந்த நீர்வழியில் மட்டும் போவதில்லை. பனிக்கட்டிக்கு அடியிலும் போகும், மெல்லிய பனியைத் தலையால் முட்டிப் பிளந்து மூச்சுவிடும், கரையிலிருந்து பார்க்க முடியாத தொலைவிலும் கடக்கும் என்றனர். 1980களில் ஆய்வாளர்கள் பனிவிளிம்பில் வரிசையாக நீரொலிவாங்கிகளை இறக்கினர். ஒரே குரல் வெவ்வேறு கருவிகளை வந்தடையும் நேர வேறுபாட்டிலிருந்து அது எழுந்த இடத்தைக் கணக்கிட்டனர். கண்காணிப்பாளர்கள் ஒன்றையும் காணாத நேரத்திலும் பனிக்கடியில் குரல்கள் வடகிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன. வேட்டைத் தலைவர்கள் சொன்னது அப்படியே மெய்யாயிற்று. கண்ணும் காதும் சேர்ந்து எண்ணிய 1993 கணக்கில் ஏறத்தாழ 8,000 வில்தலைகள் இருந்தன. 2011இல் ஏறத்தாழ 17,000. அந்தக் கடலோடு வாழ்ந்தவர்களின் அறிவைச் சரியாகக் கேட்கக் கருவிகளுக்குச் சில ஆண்டுகள் ஆயின.

1991க்குப் பின்

பனிப்போர் முடிந்ததும் சோசஸ் வலையின் மறைப்பு விலகி, ஆய்வாளர்களுக்குக் கதவு திறந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கிளார்க் 1993இல் கடற்படையினருடன் சேர்ந்து, அட்லாண்டிக்கில் ஒரே நீலத் திமிங்கிலத்தை அதன் குரலால் 43 நாள் பின்தொடர்ந்தார். வூட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் வாட்கின்ஸ் குழுவினர் 52 ஹெர்ட்ஸில் பாடும் ஒரு தனித் திமிங்கிலத்தை 1992 முதல் பன்னிரண்டு பருவங்கள் வட பசிபிக்கில் தொடர்ந்து, 2004இல் அதன் வழிகளை வெளியிட்டனர். பொதுவாக ஒலி இனத்தைத்தான் அடையாளம் காட்டும். எந்த ஒன்று என்று சொல்லாது. வேறெந்தத் திமிங்கிலமும் எடுக்காத சுருதி என்பதால் இது விதிவிலக்கானது.

அதன்பின் கடல்தரையில் மாதக்கணக்கில் தானே பதியும் கருவிகள், ஒலிவாங்கி ஏந்தி மிதந்து செல்லும் ஆளில்லா நீரூர்திகள், நிலநடுக்கம் அளக்கக் கடலடியில் வைத்த மானிகள் எல்லாம் இப்பணியில் சேர்ந்தன. சுவால்பார்டு தீவுகளில் தொலைத்தொடர்புக்காகக் கிடத்திய கண்ணாடியிழைக் கம்பியையே நீண்ட ஒலிவாங்கியாக்கித் திமிங்கிலங்களைக் கேட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. குவியும் பதிவுகளை மனிதர் முழுதும் கேட்டு முடிக்க இயலாது என்பதால், திமிங்கிலக் குரலைத் தேடியெடுக்கக் கணினிகளுக்குப் பயிற்சி தரப்படுகிறது.

இந்தியப் பெருங்கடல்

நீலத் திமிங்கிலங்களின் பாட்டு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஒரு வட்டாரத்துக்குள் பல்லாண்டுகள் அமைப்பு மாறாது. எனவே பாட்டைக் கொண்டே கூட்டத்தைப் பிரித்தறியலாம் என்று மார்க் மெக்டொனால்டு, சாரா மெஸ்னிக், ஜான் ஹில்டிபிராண்ட் 2006இல் காட்டினர். இந்த வேறுபாடு மிகச் செழிப்பாக உள்ள கடல்களில் இந்தியப் பெருங்கடல் ஒன்று.

இலங்கையின் திருகோணமலைக் கடலில் 1980களில் பதிவான பாட்டு ‘இலங்கைப் பாட்டு’ என்றே அறியப்படுகிறது. அதைப் பாடும் கூட்டம் அண்டார்க்டிக்குக்கு வலசை போவதில்லை. வட இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரிலேயே ஆண்டு முழுதும் இரை தேடி இடம் மாறுகிறது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் சட்டத்தை மீறி இக்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன என்பதையும் நினைத்தால், எஞ்சிய கூட்டத்தின் ஒவ்வொரு குரலும் அருமையானது. அதே இலங்கையின் தென்கரையை ஒட்டி உலகின் நெரிசல்மிக்க கப்பல் வழிகளில் ஒன்று ஓடுகிறது. லட்சத்தீவுக் கடலிலும் நீலத் திமிங்கிலப் பாட்டு பதிவாகியுள்ளது.

அணுவெடிப்புச் சோதனைகளைக் கண்டறிய டியகோ கார்சியா அருகே அமைந்த ஒலி நிலையத்தின் பழைய பதிவுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அலசியபோது, எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தாத ஒரு பாட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதில் ஒலித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. 2021இல் அது தனிக்கூட்டம் ஒன்றின் பாட்டாக அறிவிக்கப்பட்டது. ஓமன், மடகாஸ்கர் கடல்களில் கேட்ட வேறொரு பாட்டு அதற்கு முந்தைய ஆண்டு வெளியாகியிருந்தது. உலகின் மிகப் பெரிய விலங்கின் கூட்டங்கள் கண்ணுக்குத் தப்பிக் காதுக்கு மட்டும் அகப்பட்டன.

புறப்படும் நாளும் காக்கும் வழியும்

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் 900 மீட்டர் ஆழத்தில் 2015 முதல் ஓர் ஒலிவாங்கி இயங்குகிறது. இரை தேடும் கோடையில் நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் இரவில் பாடுகின்றன. பகலில் அவற்றுக்கு இரைவேலை. தெற்கே வலசை தொடங்கியதும் பகல் பாட்டு மிகுகிறது. பாடும் பொழுதைக் கொண்டே அவை எப்போது புறப்பட்டன என்று சொல்லலாம் என 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்வறிவு உயிர் காக்கவும் உதவுகிறது. சில நூறே எஞ்சிய வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் 2010க்குப் பின் பழைய இடங்களை விட்டு நகர்ந்ததைக் கரையோரப் பதிவுகள் உணர்த்தின. 2017இல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் அவற்றில் 12 இறந்துகிடந்தன. கப்பல் மோதலும் மீன்வலைக் கயிறும் முக்கியக் காரணங்கள். இப்போது குரல் கேட்ட பகுதிகளில் கப்பல்களின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

வரம்புகள்

பாடாத திமிங்கிலம் பதிவில் வராது. நீலத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம் ஆகியவற்றில் ஆண்களே பாடுவதால், தாயும் கன்றும் வந்துபோன தடம் பெரும்பாலும் பாட்டில் இல்லை. குரல்களின் எண்ணிக்கையும் தலைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. கடலின் இரைச்சலோ பெருகியபடி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் நிக்கலஸ் தீவருகே 1960களுக்கும் 2000களுக்கும் இடையில் தாழ்சுருதி இரைச்சல் 10 முதல் 12 டெசிபல் வரை கூடியிருந்தது. முதன்மைக் காரணம் கப்பல் போக்குவரத்து. திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கேட்கும் தொலைவையும் நாம் அவற்றைக் கேட்கும் தொலைவையும் அது ஒன்றாகவே சுருக்குகிறது.

பதிவுகளைப் பேணிக் காக்கவேண்டிய காரணத்தைத் தென்கடல் ஓசை ஒன்று உணர்த்துகிறது. 1960களில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர்கள் வாத்துக் குரல் போன்ற ஓசையைக் கேட்டு ‘உயிர்வாத்து’ என்று பெயர் வைத்தனர். அண்டார்க்டிக் மிங்கித் திமிங்கிலங்களின் உடலில் ஒட்டிய கருவிகளின் துணையால் 2014இல்தான் அதற்கு உரியவர் யாரென்று தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து, பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்த தென்கடல் நாடாக்கள் எல்லாம் மிங்கியின் வலசைக் குறிப்பேடுகள் ஆயின.