பள்ளிக்கூடம் இருக்கு, டீச்சர் எங்கே? கனடாவின் பிரெஞ்சு பள்ளிகளில் என்ன சிக்கல்?

கனடாவில் கியூபெக் மாகாணத்தைத் தாண்டிவிட்டால் பிரெஞ்சு பேசுபவர்கள் சிறுபான்மையினர்தான். அவர்களுடைய பிள்ளைகளுக்காக, எல்லா பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளிகள் அரசு செலவில் இயங்குகின்றன. ஒன்டாரியோவில் மட்டும் இதற்கென 12 பள்ளி வாரியங்கள் இருக்கின்றன. ஆனால் தகுதியான ஆசிரியர்கள் கிடைப்பதில்லை. ஆசிரியர் பயிற்சி முடிக்காதவர்களைத் தற்காலிக அனுமதிக் கடிதத்தோடு வகுப்புக்கு அனுப்பிச் சமாளிக்கிறார்கள்.

டீச்சர் பற்றாக்குறை எந்த ஊர்லதான் இல்லை என்று கேட்கலாம். இங்கே மாட்டிக்கொண்டிருப்பது ஓர் அரசியல் சாசன உரிமை.

அது என்ன உரிமை?

1982-ல் வந்த கனடாவின் உரிமைகள் சாசனத்தில் 23-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. கனடா குடிமக்களாக இருக்கும் பெற்றோர் முதலில் கற்று, இன்றும் புரிந்துகொள்ளும் மொழி பிரெஞ்சு என்றால், பிள்ளையை அந்த மொழியில் படிக்க வைக்கலாம். பெற்றோர் கனடாவில் தொடக்கக் கல்வியை பிரெஞ்சில் படித்திருந்தாலும், அவர்களுடைய ஒரு பிள்ளை ஏற்கெனவே அங்கு பிரெஞ்சில் படித்திருந்தாலும் இந்த உரிமை உண்டு. போதுமான எண்ணிக்கையில் மாணவர்கள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பள்ளிகளை நிர்வகிப்பதிலும் சிறுபான்மையினருக்கு உரிமை உண்டு என்று 1990-ல் மாஹே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கவனித்தால், இந்த உரிமை பெரும்பாலும் பெற்றோர் வழியாகத்தான் வருகிறது. 'டீச்சரே இல்லை, இங்கிலீஷ் ஸ்கூல்லயே சேர்த்துடலாம்' என்று இன்று ஒரு குடும்பம் முடிவெடுத்து, வீட்டிலும் பிரெஞ்சு நின்றுபோனால், அந்தக் குழந்தை நாளை பெற்றோராகும்போது கேட்க உரிமையே இல்லாமல் போகலாம்.

2021 கணக்கெடுப்பின்படி கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சில் படிக்கத் தகுதியுள்ள பிள்ளைகள் சுமார் 5.9 லட்சம் பேர். அவர்களில் பள்ளி வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர்தான் பிரெஞ்சு பள்ளிக்குப் போயிருக்கிறார்கள்.

பழைய காயம்

1912-ல் ஒன்டாரியோ அரசு 'ஒழுங்குவிதி 17' என்று ஒன்றைப் போட்டு, தொடக்கத்தின் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரெஞ்சில் கற்பிப்பதை முடக்கியது. ஒட்டாவாவின் கீக் பள்ளியில் டெலோஜ் சகோதரிகள் என்ற இரண்டு ஆசிரியைகள் அதை மீறி பாடம் நடத்தினார்கள். அவர்களை யாரும் வெளியேற்றிவிடக் கூடாது என்று 1916-ல் தாய்மார்கள் தொப்பி ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் காவல் நின்றார்கள். இதற்கு ஒன்டாரியோ மன்னிப்பு கேட்டது 2016-ல், சரியாக நூறு வருஷம் கழித்து. அன்று டீச்சரைக் காப்பாற்ற ஊரே திரண்டது. இன்று காப்பாற்ற டீச்சர் வேண்டுமே!

ஏன் கிடைப்பதில்லை?

முதல் காரணம், ஒரே கிணற்றில் ரெண்டு ஊர் தண்ணீர் இறைக்கிறது. கனடாவில் ஆங்கிலம் பேசும் பெற்றோரும் பிள்ளைகளை 'பிரெஞ்சு இமெர்ஷன்' வகுப்புகளில் சேர்க்கிறார்கள். இவை ஆங்கிலப் பள்ளிகளில் நடப்பவை, சிறுபான்மையினருக்கான பள்ளிகள் வேறு. ஆனால் இரண்டுக்கும் தேவை பிரெஞ்சு தெரிந்த அதே ஆசிரியர்கள்தான்.

அடுத்தது, ஆசிரியர் பயிற்சி. ஒன்டாரியோவில் ஆசிரியர்கள் அதிகமாகி வேலையில்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதைச் சரிசெய்ய 2015-ல் ஒரு வருஷப் பயிற்சியை இரண்டு வருஷமாக்கி, இடங்களையும் பாதியாகக் குறைத்தார்கள். 2021-ல் சட்பரி நகரின் லோரென்ஷியன் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, 28 பிரெஞ்சு மொழிப் படிப்புகளை ஒரேயடியாக மூடியது. வடக்கு ஒன்டாரியோ இளைஞர்கள் பிரெஞ்சில் மேற்படிப்பு படிக்கும் வாசல் அதோடு சுருங்கியது.

மூன்றாவதுதான் விடாத சுழல். ஆசிரியர் இல்லாததால் சில மாணவர்கள் உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறார்கள். அப்புறம் பிரெஞ்சில் படித்து ஆசிரியராக வருபவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்?

அதுவும் நடக்கிறது. கேமரூன், அல்ஜீரியா போன்ற நாடுகளிலிருந்து பிரெஞ்சில் கற்பித்த அனுபவத்தோடு பலர் வருகிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்ற முறையில் 2023-ல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும், 2025-ல் கல்வித் துறையினருக்கும் தனிப் பிரிவு கொண்டுவரப்பட்டது.

வந்து இறங்கியவுடன் வகுப்புக்குப் போக முடியாது என்பதுதான் சிக்கல். சான்றிதழ்களைப் படித்த பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று ஒன்டாரியோ ஆசிரியர் கல்லூரி கேட்கிறது. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும், ஆசிரியர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு அது. ஊரில் போர், நிர்வாகக் குழப்பம் என்றால் அந்தக் காகிதம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

வகுப்புக்குள் போனாலும் வேறொரு சவால். மணி அடித்ததும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். கணக்கு சொல்லிக்கொடுப்பதோடு மொழியையும் உயிரோடு வைத்திருப்பது இங்கே ஆசிரியரின் வேலை. ஊரெல்லாம் பிரெஞ்சு ஒலிக்கும் இடத்திலிருந்து வந்தவருக்கு இது புதுசு.

குடியேற்றப் பிரிவை அறிவிப்பது மத்திய அரசு. கல்வியும் ஆசிரியர் உரிமமும் மாகாணங்களின் கையில். விசா கிடைத்து வந்த ஆசிரியர், உரிமத்துக்காக மறுபடியும் வரிசையில் நிற்பது இதனால்தான்.