இலந்தைக் கிளையும் வெள்ளைத் தாளும்

பறவை வரைவதே என் பிழைப்பு. அதனால் எந்தப் பறவைப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் கால் விரல்களுக்குத்தான் போகும். விரல் கிளையைப் பற்றியிருக்கிறதா, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதிலேயே ஓவியரின் கவனம் தெரிந்துவிடும். ஷேக் ஜைனுத்தீன் 1777-இல் வரைந்த கருந்தலை மைனா இலந்தைக் கிளையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. கூடவே இரண்டு டசர் பட்டு அந்துப்பூச்சிகள், ஒரு புழு, ஒரு கூடு. பீகார் மண்ணில் வளர்ந்தவருக்கு அந்தப் பூச்சியும் இலந்தையும் யாரும் சொல்லித் தரவேண்டிய சங்கதிகள் அல்ல.

வரையச் சொன்னவர் மேரி இம்பே. அவருடைய கணவர் எலைஜா இம்பே கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி. 1775-இல் வங்காளப் பிரமுகர் மகாராஜா நந்தகுமாரைத் தூக்குக்கு அனுப்பியவர். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் பறவைகளும் விலங்குகளும் வளர்ந்தன. கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் பெயர் பெற்றதே இம்பேயின் மான் பூங்காவால்தான். 1777 முதல் 1782 வரை ஜைனுத்தீனும் பவானி தாஸும் ராம் தாஸும் அங்கே 300-க்கும் அதிகமான படங்களை வரைந்தார்கள். மூவரும் பாட்னாக்காரர்கள். பிளாசிப் போருக்குப் பிறகு நவாபுகளின் கை சுருங்கிப்போக, முகலாய மரபில் தேர்ந்த ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி துரைமார்களை அண்டிப் பிழைக்க வேண்டியதாயிற்று.

இந்தப் படங்களில் என்னை உறுத்துவது பின்னணி. இங்கிலாந்திலிருந்து வந்த வாட்மேன் தாளின் வெண்மைதான் எங்கும். வானம் இல்லை, சேறு இல்லை, பறவை இரை தேடும் இடம் இல்லை. ஐரோப்பிய இயற்கை நூல்களுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது: உயிரை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, அளந்து, பெயரிட்டு, வரிசையில் வைக்க வேண்டும். 1765-இல் வரி வசூலிக்கும் திவானி உரிமை பெற்று வங்காளத்தைக் கணக்குப் புத்தகமாகப் பார்க்கத் தொடங்கிய ஆட்சியின் கண்ணும் அதுவே என்று நினைக்கிறேன். அந்த வெறுமைக்குள் ஜைனுத்தீன் இலந்தையையும் பட்டுப்புழுவையும் கொண்டுவந்து வைத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

படங்கள் லண்டன் போயின. இந்தியாவையே பார்த்திராத ஆங்கிலப் பறவையியலாளர் ஜான் லேதம் அவற்றை வைத்துப் பல பறவைகளை விவரித்தார். இமயமலையின் மோனால் பறவைக்கு 1790-இல் அவர் சூட்டிய அறிவியல் பெயரில் இன்றும் இம்பே இருக்கிறார். மலை மக்களும் இல்லை, ஓவியர்களும் இல்லை.

விலங்குகளைச் சேகரித்து வரையவைப்பதில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும் சளைத்தவரல்ல. ஆனால் அவர் தன் ஓவியர் மன்சூருக்குப் பட்டம் கொடுத்து, தன் நினைவுக் குறிப்புகளிலேயே புகழ்ந்து எழுதினார். எல்லா வெள்ளையர்களையும் ஒரே தட்டில் வைக்கவும் மனம் வரவில்லை. சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட், தனக்காகச் செடிகள் வரைந்த கோவிந்துவின் பெயரையே ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைத்தார். தாவரவியலாளர்கள் அந்தப் பெயரை இப்போது பயன்படுத்துவதில்லை.

இம்பே படங்களில் ஓவியர் பெயர் மறைக்கப்படவில்லை. பலவற்றின் ஓரத்தில் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது. லேடி இம்பேயின் சேகரிப்பு என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. 1810-இல் லண்டன் ஏலத்தில் தொகுப்பு சிதறியது. பிறகு இவ்வகைப் படங்களெல்லாம் ‘கம்பெனி ஓவியம்’ என்ற ஒரே தலைப்பில் அடங்கிப்போயின. அதே லண்டனின் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகம் 2019-இல் நடத்திய கண்காட்சியில்தான் ஜைனுத்தீனும் பவானி தாஸும் ராம் தாஸும் பெரும் ஓவியர்களாகப் பெயர் சொல்லி முன்னிறுத்தப்பட்டார்கள்.