விண்ணில் இருந்து வந்த கற்கள் – 9: பிப்லியா கலானின் கறுப்புக் கல்

1996 ஜூன் 20 இரவு, ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் பிப்லியா கலான் என்ற ஊரில் வானத்திலிருந்து கல் விழுந்தது. கிடைத்தது சுமார் 42 கிலோ. கல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் கோபாலன் சீனிவாசன். பிறகு அவர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஸ்காபரோக்காரர் கெனடியில் ரயில் ஏறி, செயின்ட் ஜோர்ஜில் இறங்கினால் அந்த வளாகம்.

பூமியில் விழும் கற்களில் பெரும்பாலானவை ஒருநாளும் உருகாதவை. நம்முடைய முல்லைத்தீவில் 1795இல் விழுந்ததும் அந்த வகைதான். பிப்லியா கலான் கல் அப்படியல்ல; அது யூக்கிரைட் என்ற வகை. வெளித்தோல் மெருகு பூசியதுபோல் பளபளக்கும் கறுப்பு. உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறை என்றுதான் பார்ப்பவர் சொல்வார். உண்மையும் அதுதான், எரிமலைதான் பூமியில் இல்லை.

அது வெஸ்டா என்ற சிறுகோளின் மேற்பரப்பு. 1970இல் தொலைநோக்கி வழியாக வெஸ்டாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அது யூக்கிரைட்டின் ஒளியோடு பொருந்துவதைக் கண்டார்கள். 2011இல் டோன் விண்கலம் அங்கேயே போய்ச் சுற்றி அதை உறுதிசெய்தது. தென்முனையில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் அகலப் பள்ளம். ஏதோ மோதிப் பெயர்த்த இடம். அந்த மேற்பரப்பில் பலவகைத் துண்டுகள் கலந்து இறுகிய கல்லுக்கு ஹோவர்டைட் என்று பெயர். 1798இல் காசிக்கு அருகே விழுந்த கல்லைச் சோதித்து, 1802இல் அதில் நிக்கல் இருப்பதை எழுதிய எட்வர்ட் ஹோவர்டின் நினைவாக வைத்தது. வேடிக்கை என்னவென்றால், காசிக் கல் ஹோவர்டைட் அல்ல.

சங்கடமான கேள்வி வேறு. வெஸ்டாவின் குறுக்களவு சுமார் 525 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திர முனை வரை போய், இன்னும் கொஞ்சம். இவ்வளவு சின்ன உருண்டை எந்தச் சூட்டில் உருகியது? அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணுவின் சூடாக இருக்கலாம் என்று வேதியியலாளர் ஹரோல்ட் யூரி 1955இல் சொன்னார். சொல்வது சுலபம். ஏழு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் அணு அது; இன்று எங்கே போய்த் தேடுவது?

தேய்ந்தது மக்னீசியம்-26 ஆக மாறும். அலுமினியம் நிறைந்த வெண்படிகத்தில் அந்த மக்னீசியம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், படிகம் பிறந்தபோது அலுமினியம்-26 அங்கே இருந்திருக்கிறது. அகமதாபாத் ஆய்வாளர்கள் சீனிவாசன், கோஸ்வாமி, பண்டாரி மூவரும் பிப்லியா கலான் கல்லில் அந்தக் கூடுதலைக் கண்டு, 1999இல் சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார்கள். சூரியக் குடும்பத்தின் முதல் திடப்பொருள் தோன்றி ஐம்பது லட்சம் ஆண்டுக்குள்ளேயே இந்தக் குழம்பு ஆறிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. என் பார்வையில், இந்திய மண்ணில் விழுந்த கற்களில் இவ்வளவு பெரிய கேள்விக்குச் சாட்சி சொன்னவை மிகச் சில.

ரொறன்ரோவிலிருந்து சீனிவாசன் 2007இல் மீண்டும் எழுதினார். இம்முறை யூக்கிரைட்டுக்குள் இருக்கும் சேர்க்கன் என்ற கனிமத்தின் மணிகள். கண்ணுக்குத் தெரியாத அளவு. காலத்தைக் காப்பதில் மகா பிடிவாதம். அவையும் அந்த முதல் திடப்பொருள் தோன்றி ஒரு கோடி ஆண்டுக்கு உட்பட்ட காலத்தையே காட்டின.

2009 செப்டெம்பரில் ஒன்ராறியோவின் கிரிம்ஸ்பியில் வாகனக் கண்ணாடியை உடைத்த கல் வேறு சாதி. அது அடுத்த வாரம்.