பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை

சங்கரன்கோவில் வட்டாரத்துக் குடும்ப வரலாறுகளைத் தேடத் தொடங்கியபோது நாமும் முதலில் இறப்புப் பதிவேட்டைத்தான் புரட்டினோம். இறந்து பிறந்த பிள்ளைகள் அதில் இல்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அவர்களைப் பிறப்பில் சேர்க்கிறது. உயிரோடு பிறந்த பின் நேர்வதே அதன் கணக்கில் இறப்பு. அதற்கென்று தனிப் படிவமும் உண்டு. நாள், ஆணா பெண்ணா, தாய் தகப்பன் பெயர், கர்ப்ப காலம் எல்லாம் கேட்கும். பிள்ளையின் பெயருக்கு இடமில்லை. ஆகவே தாயின் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும்.

பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980இல் ஒழியும்வரை ஏடு கிராம முன்சீப் கையில். சேரியில் மருத்துவச்சியோடு முடிந்த பிரசவம் அந்த ஏட்டுக்கு எங்கே போயிற்று? இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் இழவு சொல்லிக் குழி வெட்டியவர்கள் நாம்! மிஷன் சபைகளின் ஞானஸ்நானப் பதிவிலும் இராது. உயிரில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை.

மிஞ்சுவது நம் பாட்டிமார். "எத்தனை பிள்ளை?" என்றால் இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். "பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை?" என்று கேட்க வேண்டும், ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. மூத்தவனுக்கும் அடுத்தவளுக்கும் ஐந்தாறு வருட இடைவெளி இருந்தால் அங்கே நின்று கேளுங்கள். வருடம் சொல்ல வராது. ஆடித்தபசுக்கு முன்பா பின்பா, யார் புஞ்சையில் களையெடுக்கையில் வலி கண்டது என்பதெல்லாம் வரும். எழுதிக்கொள்ளுங்கள். யார் புஞ்சை என்பதையும் விடாமல் எழுதுங்கள்.