மூலமும் நகலும்

1979-ல் அப்பா காலமான பிறகு பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. திறந்தால் முழுக்கக் காகிதம். பிரெஞ்சுக் காலத்து முத்திரைத் தாள்கள், நொத்தேர் எழுதிய பத்திரங்கள், வரி கட்டிய ரசீதுகள். பாதியைக் கறையான் தின்றிருந்தது. "எல்லாம் செல்லாத காகிதம், எடைக்குப் போட்டுடலாம்" என்றார் அண்ணன். அவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆபீசுக்கு நேரமாகிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பதினோரு கிலோ இருந்ததாம்.

அந்தச் சைக்கிள் தினமும் போன வழி ரங்கப்பிள்ளை வீதி. பள்ளியில் லுவார் நதியின் உபநதிகளை வரிசையாக மனப்பாடம் செய்தவன் நான். ஆனால் ரங்கப்பிள்ளை யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய நாட்குறிப்பைப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க அந்தப் பதினோரு கிலோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்தபோது இங்கே தலைமைத் துபாஷ். 1736 செப்டம்பரில், அதாவது நள வருஷம் ஆவணி மாதத்தில் எழுதத் தொடங்கி, இடையிடையே விட்டுப்போனாலும் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, பீரங்கி எத்தனை முறை போட்டார்கள், யார் யாருக்கு என்ன வெகுமானம், சரக்கு என்ன விலை, கவர்னர் பெண்சாதி யாரைக் கெடுக்கப் பார்த்தாள், எல்லாம் உண்டு. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த நாளை அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நடையும் இலக்கிய நடை இல்லை. கணக்குப்பிள்ளை நடை. 'முசே' என்றும் 'கோன்சேல்' என்றும் பிரெஞ்சை நம் நாக்குக்கு வளைத்து எழுதுகிறார். என் பாட்டி பேசியதும் அப்படித்தான். அந்தக் காலத்துக் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. பழகாத கண்ணுக்கு ஒரு வரி தாண்டுவதே பாடு.

அவர் இறந்தது 1761 ஜனவரி 12. நான்கு நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பி வந்தது, மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. இத்தனை கலவரத்திலும் அந்தக் கட்டுகளை அவர் குடும்பத்தார் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். 1846-ல்தான் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அவை பட்டன. நடுவே எண்பத்தைந்து ஆண்டுகள். எடைக்குப் போட எத்தனை சந்தர்ப்பம் வாய்த்திருக்கும்!

இதில் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு ருசிக்கிற இடம் ஒன்று உண்டு. கலுவா மொம்பிரேன் கண்டதோடு நிற்கவில்லை, நகல் எடுக்க ஏற்பாடு செய்தார். அவர் காலத்திலேயே இங்கே அரசு உத்தியோகத்தில் இருந்த எதுவார் அரியேல் என்பவரும் ஒரு நகல் சேர்த்தார். அரியேல் திருக்குறளில் ஈடுபாடு கொண்டவர். நிறையத் தமிழ்ச் சுவடிகள் திரட்டினார். 1854-ல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். அவர் சேர்த்தவை பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னை அரசாங்கமும் பிற்பாடு தனக்கென்று நகல் எடுத்துக்கொண்டு, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. வரலாற்றுப் புத்தகங்களில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கிறது, மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறது. புள்ளியில்லாத அந்த எழுத்தை எழுத்தெண்ணிப் படித்து, பக்கம் பக்கமாகப் பெயர்த்து எழுதிய நம் ஊர் ஆட்களின் பெயர்தான் தெருவில் யாருக்கும் தெரியாது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1996-ல் பாட்டி காலத்து முருகன் படம் ஆணி பெயர்ந்து கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. பின்பக்கம் அட்டைக்குப் பதிலாக நான்காக மடித்த ஒரு தாள் வைத்திருந்தார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து தப்பியது அது ஒன்றுதான். பிரித்தேன். என் தாத்தா 1887-ல் பிறந்ததற்கான பதிவின் நகல். 'மூலத்துக்குச் சரியான நகல்' என்று அடியில் ஒரு குமாஸ்தா எழுதி முத்திரை வைத்திருந்தார். நான் என் உத்தியோகத்தில் ஆயிரம் தடவை எழுதிய அதே வாசகம்.

அதில் தாத்தாவின் தகப்பனார் தொழில் 'திஸ்ஸரான்' என்று இருந்தது. நெசவாளி. இருப்பிடம் முத்தியால்பேட்டை. கையெழுத்து தமிழில், என்று ஒரு குறிப்பு.

எங்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தது வேறு. பாட்டனார் பெரிய மிராசுதார், நிலமெல்லாம் பங்காளிகள் பிடுங்கிக்கொண்டார்கள் என்பார்கள். அத்தையிடம் தாளைக் காட்டினேன். "வெள்ளைக்காரன் காதுல என்ன விழுந்துதோ அதை எழுதியிருப்பான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நம் ஊர் நீலத்துணி கப்பலேறி செனகல் வரைக்கும் போய் விற்ற காலம் அது. அங்கே அதற்குப் பெயரே 'கினே'.

மூலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அலைந்தேன். தெரிந்த ஒருவர் தயவில் பதிவேட்டைக் கண்ணால் பார்த்தேன். மழைத் தண்ணீர் ஏறி, அந்த இடத்துத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாக இருந்தன. பிரித்தால் உதிரும். மூடி வைத்துவிட்டு வந்தேன்.

பிரெஞ்சு நிர்வாகத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. குடியேற்ற நாடுகளின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளுக்கு இன்னொரு பிரதி எழுதிப் பிரான்சுக்கு அனுப்பிவிடுவார்கள். 1776-ல் அரசர் ஆணையாகவே வந்த ஏற்பாடு. அந்தப் பிரதிகள் இப்போது எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறாண்டு தாண்டியவற்றைப் படமெடுத்து இணையத்தில் யாரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். காசு கேட்பதில்லை. வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் தேடித் தருவார்கள். பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நாம்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். நம் காதுக்கு ஒன்று, அவர்கள் பேனாவுக்கு ஒன்று.

போன தை மாதம் பேத்தி கணினியில் தேடிக் கொடுத்தாள். மூன்று நாள் பிடித்தது. 1887, புதுச்சேரி. அதே வாசகம், அதே தொழில். நகலில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. அனுப்பும் பிரதியிலும் ஆளைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பேத்தி பெரிதாக்கிக் காட்டினாள். பக்கத்தின் அடியில், பிரெஞ்சு அதிகாரியின் கிறுக்கலுக்குப் பக்கத்தில், நிதானமாக அழுத்தி எழுதிய ஐந்து தமிழ் எழுத்துகள். ஒரு புள்ளி கிடையாது.

"இது என்ன தாத்தா, படிக்கவே வரலையே?" என்றாள்.

எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.