கூட்டல் குறியும் வரி எண்ணும்: வரைகலை உரைத்திருத்தியை அழைக்கும் கட்டளைகளும் திருவனந்தபுரத்து டெக் அச்சுக்கோப்பும்

டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரல் பிழை ஒன்றில் முட்டி நின்றால் ஒரு கேள்விக்குறியைக் காட்டிவிட்டு நம் பதிலுக்குக் காத்திருக்கும். அப்போது ‘எடிட்’ என்பதன் முதலெழுத்தான ‘இ’யைத் தட்டலாம். டொனால்டு குனூத் 1982-இல் வெளியிட்ட வடிவத்தில், அதற்குக் கிடைக்கும் விடை ஒரே ஒரு செய்திதான்: இன்ன கோப்பை, இன்ன வரியில் நீங்கள் திருத்த விரும்புகிறீர்கள். எந்த உரைத்திருத்தியைத் திறப்பது, எப்படித் திறப்பது என்பதை அந்தந்தக் கணினிக்கு ஏற்ப மற்றவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்று குனூத் விட்டுவிட்டார். யூனிக்ஸில் டெக்கைக் கொண்டுவந்தவர்கள் அந்த இடத்தை ‘டெக்எடிட்’ என்ற சூழல் மாறியால் நிரப்பினார்கள். அதன் இயல்பான மதிப்பு ‘வி +%டி %எஸ்’. முதல் குறியிடத்தில் வரி எண்ணும் இரண்டாவதில் கோப்பின் பெயரும் வந்து உட்கார, ‘வி’ உரைத்திருத்தி பிழையுள்ள வரியிலேயே திறந்துகொள்ளும்.

இந்தச் சிறு சரத்தில் ஒரு நீண்ட வரலாற்றின் கரு இருக்கிறது. உரைத்திருத்திகளின் கட்டளைத் தெரிவுகளைக் கையேடுகள் மனிதர் கைப்படத் தட்டும் வசதிகளாகவே விளக்குகின்றன. அவற்றுள் நிலைத்து நின்றவையோ பெரும்பாலும் இன்னொரு நிரல் உரைத்திருத்தியை அழைப்பதற்காக உதவியவை. எங்கே திறப்பது, திருத்தம் முடிந்ததை எப்படி அறிவது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைகள் அவை. சாளரங்கள் வந்த பிறகு இரண்டுமே கடினமாயின. அந்தக் கடினத்தை நாள்தோறும் சந்திக்கும் தொழில்களில் முதன்மையானது டெக் அச்சுக்கோப்பு. இந்தியாவில் அத்தொழிலின் முக்கியமான தளம் திருவனந்தபுரம்.

அந்நகரின் தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. நாகர்கோவிலிலிருந்து வருபவர் இறங்கினால் தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும். அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் காட்டன் ஹில். சி. வி. ராதாகிருஷ்ணன் 1994-இல் தொடங்கிய ரிவர் வேலி டெக்னாலஜிஸ் பல ஆண்டுகள் காட்டன் ஹில் முகவரியிலிருந்துதான் உலகின் அறிவியல் இதழ்களுக்கு டெக்கில் பக்கம் கோத்துக் கொடுத்தது. எல்சவியர் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் ஆய்வாளர்கள் கையாளும் ‘எல்ஸ்ஆர்ட்டிகிள்’ ஆவண வகுப்பு ராதாகிருஷ்ணன் எழுதியது. இந்திய டெக் பயனர் குழு 1998-இல் உருவானது, பன்னாட்டு டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடு 2002 செப்டம்பரில் இந்த நகரத்தில் கூடியது, இ. கிருஷ்ணன் தொகுத்த லேடெக் அறிமுகப் பாடநூலை இந்தியக் குழு 2003-இல் வெளியிட்டது. இடையே, 2001 ஜூலை 20 அன்று, ஈமாக்ஸ் உரைத்திருத்தியை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இங்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். உரைத்திருத்தியைப் பற்றிய ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் எனக்குத் தெரியவில்லை.

இனி தொடக்கத்துக்கு வருவோம். கென் தாம்ப்சன் 1969-இல் எழுதிய ‘எட்’ வரிவரியாகத் திருத்தும் கருவி. திரை என்பதே இல்லாத தட்டச்சு முனையங்களுக்கானது. அதை அழைக்கும்போது ஒற்றைக் கோடு ஒன்றைச் சேர்த்தால், எத்தனை பைட்டுகள் படித்தேன் என்ற அறிவிப்பை நிறுத்திக்கொள்ளும். ஒரு ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து ‘எட்’டை ஓட்டுபவருக்கு அந்த அறிவிப்பு தொல்லை. ஆக, முதல் தலைமுறைத் தெரிவே மனிதர் இல்லாத அழைப்பை மனத்தில் வைத்து வந்தது.

பெர்க்லியில் பில் ஜாய் ‘எக்ஸ்’ உரைத்திருத்தியையும் அதன் முழுத்திரை முகமான ‘வி’யையும் 1976 முதல் வளர்த்தார், 1979-இல் வந்த இரண்டாம் பி.எஸ்.டி. வெளியீட்டில் ‘வி’ என்ற பெயரிலேயே அது கிடைத்தது. கூட்டல் குறி இங்கேதான் நிலைபெறுகிறது. ‘+42’ என்றால் நாற்பத்திரண்டாம் வரி. வெறும் ‘+’ என்றால் கடைசி வரி. ‘+/’ போட்டு ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தச் சொல் வரும் முதல் இடம். உண்மையில் கூட்டல் குறிக்குப் பின்னால் வருவது வரி எண் அல்ல, உரைத்திருத்தி திறந்ததும் ஓட்டவேண்டிய ஒரு கட்டளை. எண்ணைத் தட்டினால் அந்த வரிக்குப் போவது ‘எக்ஸ்’ மொழியின் இலக்கணம், அவ்வளவே. ஈமாக்ஸுக்கு அந்த இலக்கணம் கிடையாது. ஆனாலும் 1985-இல் வெளிவந்த குனு ஈமாக்ஸ் ‘+42’ஐ வரி எண்ணாகவே ஏற்றுக்கொண்டது. இரண்டு பகைமுகாம்கள் என்று வர்ணிக்கப்படும் இவ்விரண்டும் இந்த ஒரு குறியில் ஒத்துப்போனதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். அந்த ஒப்புதல் இல்லாமல் டெக் போன்ற மூன்றாவது நிரல் இரண்டையும் ஒரே அச்சில் அழைத்திருக்க முடியாது.

தரப்படுத்துவோர் இந்தக் குறியை விரும்பவில்லை. யூனிக்ஸ் வகை முறைமைகளுக்காக 1992-இல் முடிவான இரண்டாம் பாசிக்ஸ் தரம், தெரிவுகள் கோட்டுடன் தொடங்க வேண்டும் என்ற பொது விதிக்கு ஏற்ப ‘-சி’ என்ற மாற்றைக் கொடுத்து, ‘+’ஐ வழக்கொழியும் வடிவமென்று குறித்தது. குனு திட்டமும் தொடக்கத்தில் நீண்ட பெயர்த் தெரிவுகளுக்குக் கூட்டல் குறியைத்தான் முன்னொட்டாக வைத்திருந்தது. பாசிக்ஸோடு முரண்பட்டதால் இரட்டைக் கோட்டுக்கு மாறியது. தெரிவுகளின் உலகில் இவ்வாறு சில இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குறி, வரி எண் என்ற வேலையில் தங்கிவிட்டது. ‘டெக்எடிட்’ போன்ற எண்ணற்ற மாறிகளிலும் அமைப்புக் கோப்புகளிலும் அது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதே காரணம் என்று கருதுகிறேன்.

எம்.ஐ.டி.யில் உருவான எக்ஸ் சாளர முறையின் பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. அதன் கருவித்தொகுப்பில் எழுதிய எந்த நிரலும், உரைத்திருத்தியாயினும் கடிகாரமாயினும், ஒரே குடும்பத் தெரிவுகளைப் பெற்றது: எந்தத் திரையில் தோன்றுவது என்பதற்கு ‘-டிஸ்பிளே’, அளவுக்கும் இடத்துக்கும் ‘-ஜியாமெட்ரி’, எழுத்துருவுக்கு ‘-எஃப்என்’. இங்கே கூட்டல் குறிக்கு வேறு பொருள்கள் வந்தன. ‘80x40+100+50’ என்பதில் அது திரையின் மூலையிலிருந்து தள்ளியிருக்கும் தூரம். ‘-ஆர்வி’க்கு எதிராக ‘+ஆர்வி’ என்று எழுதினால், முன்னது இயக்குவதைப் பின்னது அணைக்கும். இன்னொரு நிரலின் தேவையைப் பொறுத்தவரை முக்கியமானது வேறொன்று. முனையத்துக்குள் ஓடும் ‘வி’ முடியும்வரை அதை அழைத்த நிரல் தானாகவே காத்திருக்கும். சாளரமோ தனியே எழுந்து நிற்கிறது. அதைத் திறந்துவிட்டு முனையம் அடுத்த கட்டளைக்குத் தயாராகிவிடலாம். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்துக்குள் கோப்பை அனுப்பிவிட்டு, அழைக்கப்பட்ட நிரல் நொடியில் இறந்தும் போகலாம்.

ப்ராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம், 1996-இன் நான்காம் பதிப்பில் வரைகலை முகம் பெற்றது. யூனிக்ஸில் அந்த ‘ஜிவிம்’ தொடங்கியதும் முனையத்திலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ளும். கையால் திறப்பவருக்கு இது வசதி. பதிப்புக் குறிப்பு எழுத அதை அழைக்கும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலுக்கோ, எழுதத் தொடங்கும் முன்பே எழுதி முடித்ததாகத் தெரியும். ‘பிரியாதே’ என்று சொல்ல ‘-எஃப்’ வேண்டியிருந்தது. ஈமாக்ஸ் மறுமுனையிலிருந்து வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஈமாக்ஸுக்குக் கோப்பை அனுப்பும் ‘ஈமாக்ஸ்கிளையன்ட்’ இயல்பாகக் காத்திருக்கும். காத்திருக்க வேண்டாமென்றால்தான் ‘-என்’ சேர்க்கவேண்டும். 2001-இல் விம் ஆறாம் பதிப்பு ‘--ரிமோட்’ தெரிவின் வழியே அதே ஏற்பாட்டைத் தன் பாணியில் கொண்டுவந்தது. அதிலும் கோப்பின் பெயருக்கு முன் ‘+42’ நிற்கலாம். பின்னாளில் ஜிஎடிட், விஷுவல் ஸ்டுடியோ கோட் ஆகிய உரைத்திருத்திகளில் ‘--வெயிட்’ என்று வெளிப்படையாகவே பெயர் சூட்டினார்கள்.

எங்கே திறப்பது என்ற சிக்கலும் முனையமா சாளரமா என்ற சிக்கலும் ஒருசேர முதிர்ந்து நிற்கும் இடம் எக்ஸ்டிவிஐ. டெக்கின் வெளியீட்டைத் திரையில் காட்டும் இந்த நிரலில், கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஒரு சொல்லைச் சொடுக்கினால், அச்சொல் பிறந்த மூலக் கோப்பின் வரி உரைத்திருத்தியில் திறக்கும். பக்கம் கோப்பவருக்கு இதன் அருமை தெரியும். மெய்ப்பில் ஒரு சமன்பாட்டின் கீழ்க்குறி தவறென்று நூலாசிரியர் குறித்திருப்பார். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அது எங்கே இருக்கிறதென்று தேடுவதற்குப் பதில், பார்த்த இடத்திலேயே சொடுக்கி மூலத்துக்குப் போகலாம்.

எந்த உரைத்திருத்தி என்பதை ‘-எடிட்டர்’ தெரிவில் சொல்லலாம். சொல்லாவிட்டால் எக்ஸ்டிவிஐ ‘எக்ஸ்எடிட்டர்’, ‘விஷுவல்’, ‘எடிட்டர்’ என்ற மூன்று சூழல் மாறிகளை இதே வரிசையில் பார்க்கும். முதலாவதில் கிடைத்தால் அது சாளரமுள்ள உரைத்திருத்தி என்று கொண்டு அப்படியே ஓட்டும். மற்ற இரண்டில் கிடைத்தால், அது முனையத்துக்குள் வாழும் கருவி என்று ஊகித்து, முனையச் சாளரம் திறக்கும் ‘எக்ஸ்டெர்ம் -இ’யை முன்னால் சேர்த்துக்கொள்ளும். எதுவுமே இல்லையென்றால் ‘எக்ஸ்டெர்ம் -இ வி +%எல் %எஃப்’. முனையக் காலத்தையும் சாளரக் காலத்தையும் இத்தனை துல்லியமாக ஒரே விதிக்குள் பொருத்திய நிரலை நான் வேறு கண்டதில்லை.

ஜெரோம் லோரன்ஸ் 2008-இல் கொண்டுவந்த சின்க்டெக், இதே வசதியைப் பி.டி.எஃப். கோப்புகளுக்கு விரித்தது. அதனைக் கையாளும் ஆகுலர் காட்சிநிரலின் அமைப்புப் பக்கத்தில், உரைத்திருத்திகளின் கிளைமொழிகள் வரிசையாகத் தென்படும். கேட் ‘--லைன்’ என்றும் ‘--காலம்’ என்றும் கேட்கிறது. சைட் ‘-கோடூ:’ போட்டு, வரி எண்ணையும் வரிக்குள் எழுத்தின் இடத்தைச் சொல்லும் நிரல் எண்ணையும் காற்புள்ளியால் பிரிக்கச் சொல்கிறது. ஈமாக்ஸ்கிளையன்ட் பழைய ‘+%எல்’லிலேயே நிற்கிறது. க்னோம் மேசைச்சூழலின் முகாம் இன்னொரு வழி கண்டது: ஜிஎடிட்டின் சின்க்டெக் செருகுநிரல் எவின்ஸ் காட்சிநிரலோடு டி-பஸ் செய்திகளால் பேசும், கட்டளை வரியே அங்கு தேவையில்லை.

ஜிஎடிட் கேரளத்துக்கு நெருக்கமான பெயர். 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிக் கணினிகளைக் குனு/லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் அது கைட் நிறுவனமானது. உபுண்டுவை அடியொற்றிய அதன் வெளியீடுகளுடன் ஜிஎடிட்டும் வந்துசேர்ந்தது. 1998-இல் தொடங்கப்பட்ட இந்த உரைத்திருத்தி, ஜிலிப் நூலகம் 2004-இல் தந்த தெரிவுப் பகுப்பானுக்குப் பின்னாளில் மாறியது. அந்தப் பகுப்பானுக்கு இரட்டைக் கோடு தெரியும், கூட்டல் குறி தெரியாது. ஆனாலும் ஜிஎடிட்டின் ஆக்குநர்கள் ‘+42’ஐத் தாங்களே தனியாகப் படித்து ஏற்கும் நிரல்துண்டை வைத்திருந்தார்கள், ‘+42:7’ என்று நிரல் எண்ணையும் ஒட்டலாம். மரபைக் காக்க இத்தனை பாடுபட்டதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

தமிழ், மலையாளம் எழுதுவோருக்கு இந்த அழைப்புத் தெரிவுகள் கூடுதலாக முக்கியம். முனையம் ஒவ்வோர் எழுத்துக்கும் சம அளவுக் கட்டம் ஒதுக்குவது. அங்கே நம் உயிர்மெய்கள் சிதறிப்போகும், ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். ஜிடிகே 2.0 வழியாக 2002-இல் பாங்கோ எழுத்தமைப்பு நூலகம் பரவியபின், ஜிஎடிட் போன்ற சாளர உரைத்திருத்திகளில் தமிழ் செம்மையாகத் தெரியத் தொடங்கியது. ஜோனதன் கியூவின் சீடெக் 2004-இல் வந்து, 2006-இல் லினக்ஸையும் அடைந்த பிறகு, யூனிகோடு தமிழை ஒலிபெயர்ப்பு ஏதுமின்றி நேராக அச்சுக்கோக்க முடிந்தது. அதாவது, மூலக் கோப்பில் தமிழ் தமிழாகவே இருந்தது. அதைப் படிக்க முனையம் போதவில்லை. முனையத்திலிருந்து சாளரத்தை அழைப்பது நமக்குக் கட்டாயமானது. ஜிஎடிட்டின் ‘--என்கோடிங்’ தெரிவும் இங்கேதான் பயன்பட்டது. பழைய குறியாக்கத்திலிருக்கும் கோப்பை உரைத்திருத்தி தவறாக ஊகிக்காதபடி, திறக்கும்போதே சொல்லிவிடலாம். பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் இருப்பவற்றை, குறியாக்கம் மாற்றும் ஐகான்வி கொண்டு மாற்றி, குழாய்வழியே உரைத்திருத்திக்கு அனுப்பவும் முடியும்.

நிரல் எண்ணில்தான் தமிழுக்கு இன்னும் தீராத தொல்லை. ‘தமிழ்’ என்பது படிப்பவருக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீட்டுப் புள்ளிகள், யு.டி.எஃப்.-8 கோப்பில் பதினைந்து பைட்டுகள். பிழை சொல்லும் நிரல் பைட்டுகளை எண்ணி அனுப்ப, உரைத்திருத்தி புள்ளிகளை எண்ணிப் போனால், சுட்டி வேறெங்கோ நிற்கும். டெக் தன் பிழைச்செய்தியில் வரி எண்ணை மட்டுமே தருகிறது. சின்க்டெக்கின் விடையில் நிரலுக்கு ஓரிடம் இருந்தாலும், நடைமுறையில் அங்கே வருவது -1 என்ற வெற்றுக்குறிதான். ஆகவே ஒரு பத்தியை முழுவதும் ஒரே வரியாகத் தட்டியிருப்பவர் மெய்ப்பில் எந்தச் சொல்லைச் சொடுக்கினாலும், பத்தியின் தலைக்கே போய்ச் சேர்வார். பிரையன் கெர்னிகன் 1974-இல் யூனிக்ஸ் தொடக்கநிலையினருக்கு எழுதிய வழிகாட்டியில், ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்கச் சொல்லியிருந்தார். பின்னால் திருத்துவது எளிதாகும் என்பதே அவர் காட்டிய காரணம். தமிழ் மூலக் கோப்புகளை அப்படி வாக்கியத்துக்கு ஒரு வரியாக எழுதினால், ‘+%எல்’ நேராக உரிய வாக்கியத்தில் கொண்டு நிறுத்துகிறது. நிரல் எண் அங்கே தேவைப்படுவதில்லை.