பதினான்கு அடிக்குள் ஒரு மாலா

சந்துக்குப் புதுக் கான்கிரீட் போட மாநகராட்சி ஆட்கள் வந்து இறங்கினால் மும்பைத் தாராவிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். சந்து நாலு விரற்கடை உயர்ந்தால் வாசல் அந்த அளவுக்குப் பள்ளமாகிவிடும். அடுத்த மழையில் சாக்கடைத் தண்ணீர் கதவைத் தட்டாமலே உள்ளே வரும். எனவே வீட்டுக்காரர் இடிபாட்டு மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தரையில் கொட்டி மேலே லாதி (தரை ஓடு) பதிப்பார். தரை ஏறிவிட்டது, கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் மின்விசிறி உச்சந்தலைக்கு ஆபத்தான உயரத்துக்கு வந்துவிடும். விசிறியைக் கழற்றிச் சுவரில் மாட்டுவது முதல் வைத்தியம். கூரையைத் தூக்குவது அடுத்த வைத்தியம். அங்கேதான் 14 அடிப் பிரச்சினை தொடங்கும்.

குடிசைப் பகுதி வீடு 14 அடிக்கு மேல் எழும்பக்கூடாது என்பது மும்பையில் நெடுநாளாக இருந்துவரும் விதி. ஒரு தளத்துக்கு அது மிக அதிகம், இரண்டு தளத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இடைவெளியில் பிறந்ததுதான் மாலா. கீழே எட்டடி விட்டு, இரும்புச் சட்டமும் பலகையும் போட்டு, மிச்சத்தில் ஓர் அறை. அந்த அறையில் பிள்ளைகள் நிமிர்ந்து நடப்பார்கள், பெரியவர்கள் குனிந்து நடப்பார்கள். கற்றுக்குட்டித் தச்சர்கள் இதில் செய்யும் கோளாறுகளுக்குக் கணக்கில்லை. மாலா முடிந்த பிறகுதான் ஏணி வைக்க உள்ளே இடமில்லை என்பது தெரியவரும். ஏணி சந்துக்குப் போகும். எதிர்வீட்டுக்காரரும் அதே தவறைச் செய்திருந்தால் இரண்டு ஏணிகளுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் நகரத்தான் வழி. மோரிக்கு, அதாவது குளிக்கும் மூலைக்கு, மேலே மாலா வந்தால் பலகையெல்லாம் ஈரம். மேலே கூரைத் தகரம் மே மாத வெயிலில் காய்கிற காய்ச்சலில் தூங்க முடியாமல், மாலா கட்டியவரே கீழே இறங்கி வாசலில் படுப்பார்.

ரயில் பாதைக்குக் கிழக்கே, நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் மாட்டுங்காவில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. 1896இல் பிளேக் வந்து நகரத்தை உலுக்கியதும் 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. மனைகளை அது அளந்து கொடுத்தது; முதலில் சாக்கடை, பிறகு சாலை, கடைசியில் வீடு. தாராவியில் இந்த வரிசை தலைகீழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது கோலி மீனவர் குடியிருப்பை ஒட்டிய சதுப்பு நிலம். குப்பையையும் இடிபாட்டையும் கொட்டிக் கொட்டி நிலத்தையே அவர்கள்தான் செய்தார்கள். பிறகு வீடு, அதற்கும் பிறகு சாலை. 90 அடிச் சாலை என்று பெயர் வைத்த ஒரு சாலை இன்றும் இருக்கிறது. கடைகளும் கைவண்டிகளும் நின்றது போக மிஞ்சும் அகலத்தைப் பெயரை நம்பிக் கணக்கிடக் கூடாது.

செம்பூருக்கு அப்பால் இதே பாடம் வேறு விதமாக நடந்தது. அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கத்தில் இருந்த ஜனதா காலனி 1976இல் இடிக்கப்பட்டு, மக்கள் சீதா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். மீண்டும் சதுப்பு, மீண்டும் மண் நிரப்பல். அந்த இடிப்பை எதிர்த்து நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, 1963இல் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்தவர். காலனியில் குப்பை அள்ள ஆள் வராத நாட்களில் பிள்ளைகளைத் திரட்டி, குப்பையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டது அவருடைய ஆரம்ப காலத் திருவிளையாடல். பின்னாளில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார், 2000இல் மகசேசே விருதும் பெற்றார். ஆனால் வீடு என்ற சங்கதியில் அவருடைய கூட்டாளிகளான நடைபாதைப் பெண்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த சில ஆண்டுகளில் பைகுல்லாவின் நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள், மகிளா மிலன் என்ற அமைப்பாகச் சேர்ந்து, தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று தாங்களே யோசிக்கத் தொடங்கினார்கள். காகிதத்தில் வரைபடம் போட்டால் அவர்களில் பலருக்குப் புரியாது. எனவே மரச்சட்டம் நட்டு, துணி கட்டி, முழு அளவில் மாதிரி வீடுகளை எழுப்பினார்கள். உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம், இடம் போதவில்லையென்றால் துணியை அவிழ்த்து நகர்த்திக் கட்டலாம். அதிகாரிகளும் வந்து உள்ளே நுழைந்து பார்த்தார்கள். அந்த வீட்டின் உயரம் 14 அடி, உள்ளே ஒரு மாலா. விதியைத் திட்டித் தீர்க்காமல் அதற்குள்ளேயே சட்டமாக ஓர் அறையைச் செருகினார்கள். தவறுகளைத் துணியிலேயே செய்து முடித்துவிடுவது எந்த மிஸ்திரிக்கும் தோன்றாத சிக்கனம். தாராவியில் மார்க்கண்டேயா கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடத்தில் இதே யோசனை பிறகு கான்கிரீட்டில் வந்தது.

அரசுத் தரப்பில் நடந்த வீட்டுவேலையைப் பார்த்தால், மாலா கட்டித் தடுமாறியவர்கள் எவ்வளவோ மேல். 1985இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பங்கு தாராவிக்கு. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரியா தலைமையில் குழுவும் அமைந்தது. தாராவியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற இடத்திலேயே கணக்கு இடறியது. மக்கள் அமைப்புகள் 1986இல் வீடு வீடாகப் போய் எண்ணியபோது தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. அரசின் மதிப்பீடு அதில் ஏறத்தாழ பாதிதான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்காமல் அடித்தளம் தோண்டினால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று: திட்டத்தில் ஒரு பகுதி மட்டும் கட்டடமானது, பெரும்பகுதி தாராவி பழையபடி தானே கட்டிக்கொண்டது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்து மித்தி ஆறு கரை புரண்டபோது, மாலா வைத்திருந்தவர்கள் பாத்திரம் பண்டத்தை அங்கேதான் ஏற்றினார்கள்.

2022இல் தாராவி மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரிலிருந்து வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்று அறிவிப்பு. மேல்தளத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. தாராவிக்கு வெளியே, வாடகையோடு தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. ஆகவே கணக்கெடுப்பாளர் வந்ததும் பல வீடுகளில் முதலில் எழும் வழக்கு அண்ணன் தம்பிக்குள்தான்: அப்பா மாலா போட்ட அன்று ஏணிக்குக் கீழே படுத்தது யார், மேலே ஏறியது யார்?